ட்றைவர் வரவில்லை

நெடுந்தீவுக்குப் போய் வருகிறவர்கள் குதிரைகளைப் பற்றி எழுதுவார்கள். அல்லது பவளப்பாறைக் கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய வேலிகளைப் பற்றி, பெருக்கு மரத்தைப் பற்றி, ஐரோப்பியர் விட்டுப்போன கோட்டையின் இடிபாடுகளைப் பற்றி எழுதுவார்கள். நானும் அவற்றுக்காகத்தான் 2024ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் அங்கே போனேன். எழுத வேண்டியதை எழுதிப் பத்திரிகைக்குக் கொடுத்தும் விட்டேன். அந்தக் கட்டுரையில் இடம்பெறாத ஒரு சங்கதி மிச்சமாக இருக்கிறது. அது ஓர் அச்சுப்பொறியைப் பற்றியது. இந்தப் பக்கத்துக்கு வழமையாக வரும் நண்பர்கள் பொறுத்தருள்வார்கள் என்ற துணிவில் இங்கே எழுதுகிறேன்.

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைத் தாம்போதியைக் கடந்து, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவானுக்குப் போய்ச் சேர்ந்தால் தரை முடிந்துவிடும். அங்கிருந்து நயினாதீவுக்கு ஒரு படகு, நெடுந்தீவுக்கு வேறொரு படகு. நயினாதீவுப் படகில் நாகபூஷணி அம்மனிடம் போகிறவர்களும் நாகவிகாரைக்குப் போகிற சிங்கள யாத்திரிகர்களும் நெருக்கியடித்து இருப்பார்கள். நெடுந்தீவுப் படகில் அரிசி மூட்டையும் எரிவாயுச் சிலிண்டரும், காலையில் வேலைக்குப் போய் மாலையில் திரும்பும் ஆசிரியர்களும் உத்தியோகத்தர்களும். ஏறத்தாழ ஒரு மணித்தியாலக் கடல். சோளகக் காற்று வீசும் ஆடி மாதத்தில் அந்த ஒரு மணித்தியாலம் நீண்டுகொண்டே போகும்.

படகில் எனக்குப் பக்கத்தில் ஓர் ஆச்சி இருந்தார். நெடுந்தீவிலே பிறந்து, அங்கேயே மணமுடித்து, இடம்பெயர்ந்து, இப்போது வவுனியாவில் மகளோடு இருப்பவர். தீவில் அவருக்கென்று எவரும் இல்லை. ஒரு கடிதத்துக்காக வந்திருந்தார். அடையாள அட்டையில் அவருடைய பெயர் ஒரு விதமாகவும், காலமான கணவரோடு சேர்த்து வைத்திருந்த வங்கிப் புத்தகத்தில் இன்னொரு விதமாகவும் இருக்கிறது. இரண்டும் ஒரே ஆள்தான் என்று உறுதிப்படுத்தி ஒரு கடிதம் வேண்டும். எங்கள் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதியவர்கள் ஆளுக்கொரு விதமாக எழுதி வைத்த வினையை நாங்கள் இரண்டு மூன்று தலைமுறைகளாக அனுபவித்து வருகிறோம் என்பது வாசகர்களுக்குத் தெரியாததல்ல. காலைப் படகில் வந்து, கடிதத்தை வாங்கி, பின்னேரப் படகில் திரும்பி, அன்றிரவு நகரில் ஓர் உறவினர் வீட்டில் தங்கி, மறுநாள் காலை வங்கியில் கொடுப்பது என்பது அவருடைய திட்டம்.

நான் என் அலுவல்களை முடித்துக்கொண்டு, ஒரு தகவலைச் சரிபார்ப்பதற்காக மத்தியானத்துக்குப் பிறகு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். எந்த அலுவலகம் என்பது இந்தக் கதைக்கு முக்கியமல்ல. உள்ளே நுழைந்தால் வாங்கில் அதே ஆச்சி. மேசைக்கு அப்பால் இளம் பெண் ஒருத்தி. வேலைக்கு வந்து இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை, நியமனம் நிரந்தரமாகவில்லை என்று பின்னர் சொன்னாள். அவளுடைய கணினித் திரையில் கடிதம் தயாராக இருந்தது. அச்சாகவில்லை.

“ஆச்சி, கடிதம் அடிச்சாச்சு. பிறின்ரர்தான் வேலை செய்யுதில்லை. ட்றைவர் இல்லை.”

“ஏன் மோனை, அவர் இண்டைக்கு லீவோ?”

அங்கிருந்த எல்லோரும் சிரித்தார்கள். ஆச்சிக்கு ஏன் சிரிக்கிறார்கள் என்று விளங்கவில்லை. அந்தப் பெண்ணும் சிரித்தாள். ஆனால் அவளுடைய கண் சுவரிலிருந்த மணிக்கூட்டிலேயே இருந்தது.

நடந்தது இதுதான். பழைய அச்சுப்பொறி செத்துவிட்டது. உப்புக் காற்றும், டீசல் மின்பிறப்பாக்கியிலிருந்து வரும் ஏறி இறங்கும் மின்சாரமும் சேர்ந்தால் தீவில் எந்தப் பொறிக்கும் ஆயுள் குறைவு. இரண்டு நாட்களுக்கு முன்பு புதியது ஒன்று, பொலித்தீனால் சுற்றப்பட்டுப் படகில் வந்து இறங்கியிருந்தது. வேறு ரகம். பெட்டிக்குள் ஓர் இறுவட்டு இருந்தது, ஆனால் கணினியில் இறுவட்டுப் போடும் இடம் இல்லை. பக்கத்து மேசைக்காரர் எங்கிருந்தோ அதன் ட்றைவரைத் தரவிறக்கிக்கொண்டு வந்து கொடுத்திருந்தார். அதைத் திறந்தவுடன் திரை மங்கி நடுவில் ஒரு பெட்டி தோன்றியது. நிர்வாகியின் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்டது. அந்தக் கடவுச்சொல் தீவிலே எவரிடமும் இல்லை. கணினிகளைக் கவனிக்கும் உத்தியோகத்தர் கடலுக்கு அப்பால், நகரத்தில் இருந்தார்.

ட்றைவர் என்றால் என்ன என்பதை ஆச்சிக்கு விளக்க நான் முன்வந்தேன். பத்திரிகைக்காரனுக்கு எதையும் விளக்கிப் பழக்கம். “வெள்ளைக்காரன் காலத்தில் துபாசி எண்டு ஒருத்தர் இருந்தவர் எல்லோ ஆச்சி, துரைக்கும் சனத்துக்கும் நடுவிலை நிண்டு பேச்சை மாத்திச் சொல்லுறவர். அதுபோலை. கொம்பியூட்டர் சொல்லுறது பிறின்ரருக்கு விளங்காது. நடுவிலை ஒருத்தர் வேணும். அவருக்குத்தான் ட்றைவர் எண்டு பேர்.”

“அப்ப அவரை உள்ளுக்கு விடுறதுதானே?”

கேள்வி சரியானது. துபாசியை உள்ளே விடுவதற்கு ஏன் இத்தனை காவல்?

காரணம் இருக்கிறது. விண்டோஸ் கணினியில் அச்சு வேலைகளை வரிசைப்படுத்தி அனுப்பும் பகுதியை ஸ்பூலர் என்பார்கள். அது சாதாரணப் பயனரின் அதிகாரத்தில் இயங்குவதில்லை. கணினியின் ஆக உயர்ந்த அதிகாரத்தில் இயங்குகிறது. ட்றைவர் என்று சொல்லி அதற்குள் நுழையும் எதற்கும் அந்த அதிகாரம் கிடைத்துவிடக் கூடும். துரையின் படுக்கையறைவரை போகக்கூடிய துபாசி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் கள்ளனாக இருந்தால் வீடு போய்விடும். 2010இல் வெளிச்சத்துக்கு வந்து, ஈரானின் அணுசக்தி நிலையத்தைக் குலைத்த ஸ்டக்ஸ்நெட் என்ற நச்சு நிரல், கணினிக்குக் கணினி பரவுவதற்குப் பயன்படுத்திய வழிகளில் ஒன்று இந்த ஸ்பூலரில் இருந்த ஓட்டைதான். 2021ஆம் ஆண்டு யூன் மாத இறுதியில் அதே ஸ்பூலரில் இன்னொரு பெரிய ஓட்டை பகிரங்கமாயிற்று. ‘பிரிண்ட் நைட்மேர்’, அச்சுக் கொடுங்கனவு, என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் யூலை 6ஆம் திகதி அவசரத் திருத்தம் வெளியிட்டது. ஓகஸ்ட் 10ஆம் திகதி இன்னும் ஒரு படி மேலே போய், வலையமைப்பில் பகிரப்பட்ட அச்சுப்பொறிகளுக்கு ட்றைவர் நிறுவுவதையும் நிர்வாகிகளுக்கு மட்டுமே உரியதாக்கியது. அதுவரை சாதாரண ஊழியர் தானே இணைத்துக்கொண்ட பொறிகளெல்லாம் கடவுச்சொல் கேட்கத் தொடங்கின. உலகம் முழுவதும் அலுவலகங்களில் அந்த மாதம் அதே பெட்டி திரைக்கு நடுவில் தோன்றியது.

ஆகவே பூட்டில் பிழையில்லை. பிழை வேறெங்கோ இருந்தது.

அந்தப் பெண் நகரத்துக்குத் தொலைபேசி எடுத்தாள். உத்தியோகத்தர் கூட்டத்தில் இருந்தார். அரை மணித்தியாலம் கழித்து அவரே எடுத்தார். நல்ல மனிதர். தூரத்திலிருந்தே கணினிக்குள் வந்து செய்து தருகிறேன் என்றார். இணைப்புக் கிடைத்தது, சுட்டி தானாக இரண்டு அங்குலம் நகர்ந்தது, இணைப்பு அறுந்தது. மூன்று தடவை இப்படி. வழமையாக இணையம் ஒழுங்காக இருக்கும் இடத்தில் அச்சுப்பொறியைச் செருகியவுடன் விண்டோஸ் தானே போய் அதற்குரிய ட்றைவரைத் தேடி எடுத்து வந்துவிடும், அதற்கு நிர்வாகி தேவையில்லை என்றும் அவர் சொன்னார். அங்கே அதற்கு வேண்டிய இணைய வேகமும் இல்லை, அந்த வழி திறந்தும் இருக்கவில்லை. பிடிஎஃப் கோப்பாக்கி வெளியே கொண்டுபோய் அச்சடிக்கலாம் என்று நான் யோசனை சொன்னேன். கோப்பை வாசிக்கலாம், வெளிச் சேமிப்பில் எழுத முடியாது என்று அதற்கும் ஒரு தடை. மின்னஞ்சலில் இணைத்தாள். இணைப்பு ஏறவேயில்லை.

கடவுச்சொல்லைத் தொலைபேசியிலே சொல்லும்படி நான்தான் வாங்கிக் கேட்டேன். “சேர், சொல்லலாம். பிறகு அது கலண்டரிலை எழுதிக் கிடக்கும்” என்றார் அவர். என்னால் மறுத்துப் பேச முடியவில்லை. கடவுச்சொற்கள் கலண்டரில் எழுதிக் கிடப்பதை எத்தனையோ அலுவலகங்களில் பார்த்திருக்கிறேன்.

அப்போது இளைஞர் ஒருவர் மெல்லிய குரலில் ஒரு வழி சொன்னார். தன்னிடம் ஒரு பென் ட்றைவ் இருக்கிறது, அதைச் செருகிக் கணினியை அதிலிருந்து தொடக்கினால் நிர்வாகியின் கடவுச்சொல்லையே அழித்துவிடலாம், ஐந்து நிமிட வேலை. அந்தப் பெண் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“வேண்டாம் அண்ணை. நாளைக்கு ஏதும் நடந்தா என்னைத்தான் கேப்பினம்.”

இந்த இடத்தில் நான் என்னுடைய கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். இதுவரை எங்கும் எழுதியதில்லை.

1990களில் நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்தபோது யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையினால் அச்சுத்தாள் வரவில்லை. கோடு போட்ட அப்பியாசக் கொப்பித் தாளில் பத்திரிகை அச்சாகி வந்த காலம் அது. செய்திக்கு மேலால் நீலக் கோடு ஓடும். அதை வாசித்தவர்கள் இன்றும் உலகம் முழுவதும் இருக்கிறார்கள். 2002இல் போர்நிறுத்தம் வந்து ஏ9 பாதை திறந்ததும் கணினிகள் லொறி லொறியாக வந்தன. நாங்கள் பட்டினி கிடந்தவர்கள் விருந்தைக் கண்டதுபோல அவற்றின்மேல் விழுந்தோம்.

2003இல் நான் வேலை செய்த ஓரிடத்தில் பக்கங்களைப் பிரதி எடுத்துப் பார்ப்பதற்கென்று புதிய அச்சுப்பொறி ஒன்று வந்தது. கணினிகளைக் கவனிக்கவென்று ஒரு தம்பி இருந்தான். இருபத்திரண்டு வயது இருக்கும். எங்கள் எல்லோருக்கும் அவன் மட்டுப்படுத்தப்பட்ட கணக்குகளைத்தான் தந்திருந்தான். எங்களால் எழுத்துரு ஒன்றைக்கூட நிறுவ முடியாது. பாமினி இல்லாத கணினியில் பாமினியில் எழுதிய கட்டுரையைத் திறந்தால் என்ன தெரியும் என்பது அந்தக் காலத்து நண்பர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஆங்கில எழுத்துகள் அர்த்தமின்றிச் சிதறிக் கிடக்கும், மெய்யெழுத்துக்குப் புள்ளி வரவேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளி நிற்கும். எழுத்துரு போடுவதற்கு ஒருநாள் அவனைத் தேட வேண்டும், அச்சுப்பொறி மாற்றுவதற்கு இன்னொருநாள் தேட வேண்டும். நிர்வாகியின் தயவில்லாமல் ஒரு பயனர் தனக்கென எழுத்துரு நிறுவிக்கொள்ளும் வசதியை விண்டோஸ் 2018இல்தான் தந்தது. அதற்கு இன்னும் பதினைந்து வருடம் இருந்தது.

எனக்கு அங்கே கொஞ்சம் செல்வாக்கு. மேலிடத்தில் சொல்லிக் கடவுச்சொல்லை வாங்கிக்கொண்டேன். கொழும்பில் நடைபாதைக் கடை ஒன்றில் வாங்கிய இறுவட்டு என்னிடம் இருந்தது. நூறு எழுத்துருக்கள், ஐம்பது அச்சுப்பொறிகளின் ட்றைவர்கள், எல்லாம் ஒன்றாக. ஓர் இரவில் நானே நிறுவினேன். அச்சுப்பொறி வேலை செய்தது. பெருமையாக இருந்தது.

மறுநாள் மாலை பக்க வடிவமைப்புக் கணினி எழும்பவில்லை. இறுவட்டோடு வந்த வைரஸ் வலையமைப்பில் இருந்த மற்றவற்றையும் தொற்றியிருந்தது. பத்திரிகை நான்கு மணித்தியாலம் பிந்தியது. அன்றைக்கு வரவேண்டிய மரண அறிவித்தல்களில் சில கோப்போடு அழிந்துபோயின. யாழ்ப்பாணத்தில் மரண அறிவித்தல் என்றால் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. பலர் பத்திரிகையைத் திறப்பதே அந்தப் பக்கத்துக்காகத்தான். இரண்டு நாள் கழித்து ஊர்காவற்றுறைப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். தகப்பனாரின் செத்தவீட்டுக்குக் குடாநாட்டிலிருந்த உறவினர் பலர் வரவில்லை, அறிவித்தலைக் காணவில்லையாம் என்று அமைதியாகச் சொன்னார். கட்டிய காசையும் திருப்பிக் கேட்கவில்லை.

அந்தத் தம்பியைத்தான் ஏசினார்கள். கணினி அவன் பொறுப்பு அல்லவா. நான் பக்கத்து மேசையில் இருந்தேன். வாய் திறக்கவில்லை. அவன் அடுத்த மாதமே வேலையை விட்டுப் போனான். எனக்குத் தெரிந்தது அவனுக்கும் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். போகும்போது என்னிடமும் சொல்லிக்கொண்டுதான் போனான்.

“நாளைக்கு ஏதும் நடந்தா என்னைத்தான் கேப்பினம்” என்று நெடுந்தீவில் அந்தப் பிள்ளை சொன்னபோது எனக்கு அவனுடைய முகம் வந்தது. பென் ட்றைவ் இளைஞரிடம், “தம்பி, அவ சொல்லுறது சரி. விடுங்கோ” என்றேன். அன்று மத்தியானம் நான் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான்.

மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் திடீரென எழுந்து அலுமாரியைத் திறந்தாள். அலுவலகத்தின் தலைப்பு அச்சிட்ட தாள் இரண்டு எடுத்தாள். எங்கிருந்தோ ஒரு காபன் தாளும் கண்டுபிடித்தாள். திரையிலிருந்த கடிதத்தைப் பார்த்துப் பேனாவால் எழுதத் தொடங்கினாள். குண்டு குண்டான, பள்ளிக்கூட எழுத்து. பத்து நிமிடத்தில் முடிந்தது. உள்ளே கொண்டுபோய்ப் பொறுப்பதிகாரியிடம் கையொப்பமும் முத்திரையும் வாங்கி வந்தாள். பிரதியைக் கோப்பில் போட்டாள்.

“ஆச்சி, கையெழுத்திலை இருக்கெண்டு ஆரும் கேட்டா இந்த நம்பருக்கு எடுக்கச் சொல்லுங்கோ. நான் சொல்லுறன்.”

ஆச்சி கடிதத்தை வாங்கிக் கண்களில் ஒற்றிக்கொண்டார். இருவரும் ஒரே ஓட்டோவில் இறங்குதுறைக்கு ஓடினோம். படகு கயிறு அவிழ்க்கவில்லை.

திரும்பி வரும்போது நயினாதீவுக் கோபுரம் தூரத்தில் தெரிந்தது. அந்தக் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பொலனறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை, தமிழிலே பொறிக்கப்பட்டது. பேராசிரியர் கா. இந்திரபாலா அதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். பரதேசிகள் ஊராத்துறையிலே, அதாவது இன்றைய ஊர்காவற்றுறையிலே, வந்து இறங்க வேண்டும். அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும். யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் காற்பங்கு அரச பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. வணிகப் பொருள் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் சரிபாதி. இதுதான் அதன் சாரம்.

பள்ளிக்கூட நாட்களில் இதைப் படித்தபோது வெறும் பரீட்சைக் குறிப்பாகவே தோன்றியது. அன்று படகில் வேறுவிதமாகத் தோன்றியது. அதுவும் ஒரு மட்டுப்பாடுதான். எல்லாத் துறையிலும் இறங்க முடியாது, இந்தத் துறையில்தான் இறங்கலாம். ஊர்காவற்றுறை என்ற பெயரிலேயே காவல் இருக்கிறது. ஆனால் அந்த ஆணையை எழுதியவர் கப்பல் உடைந்தால் என்ன செய்வது என்பதையும் சேர்த்து எழுதியிருக்கிறார். பொலனறுவைக்கு ஆள் அனுப்பிக் கேள் என்று சொல்லவில்லை. விடையைக் கல்லில் வெட்டித் தீவிலேயே வைத்துவிட்டார்.

இதற்கு எதிர்மாறான கதையும் எங்களிடம் உண்டு. யாழ்ப்பாணத்தில் அச்சு வேலை தொடங்குவதற்கென்று அமெரிக்க மிஷன் 1820இல் ஜேம்ஸ் காரெற் என்ற அச்சரை அனுப்பியது. அவர் வந்தும் சேர்ந்தார். கொழும்பிலிருந்த ஆங்கில ஆட்சியாளர் எட்வேட் பார்ன்ஸ் அனுமதி மறுத்து, நாட்டைவிட்டுப் போகும்படி உத்தரவிட்டார். காரெற் பம்பாய்க்குப் போய் அங்கே அச்சகம் நடத்தினார். அமெரிக்க மிஷன் மானிப்பாயில் தன் அச்சகத்தை நிறுவ 1830கள் ஆயிற்று. உதயதாரகை வெளிவந்தது 1841இல். ஆறுமுக நாவலர் சென்னைக்குப் போய் அச்சியந்திரம் வாங்கிவந்தது 1849இல். அச்சடிக்கத் தெரிந்த ஆள் 1820இலேயே கரை இறங்கியிருந்தார் என்பதை நினைத்தால் மனம் ஆறவில்லை. அனுமதி இன்னொரு கரையில் இருந்தது, அவ்வளவுதான்.

யாழ்ப்பாணம் திரும்பியபின், ஒரு பெரிய நிறுவனத்தில் கணினிகளைப் பராமரிக்கும் நண்பர் ஒருவரிடம் இந்தச் சங்கதியைச் சொன்னேன். “எல்லாருக்கும் நிர்வாகி உரிமையைக் குடுத்தால் தீருமா?” என்று கேட்டேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். அதைவிட எளிதான வழிகள் இருக்கின்றன என்று சொல்லித் தந்தார். தீவுகளிலோ வேறு தூர இடங்களிலோ இதே பெட்டியின் முன்னால் தவிக்கும் நண்பர்கள் தங்கள் கணினிப் பொறுப்பாளரிடம் கேட்பதற்காக இங்கே எழுதிவைக்கிறேன்.

விண்டோஸுக்குள் ‘ட்றைவர் ஸ்டோர்’ என்று ஒரு களஞ்சியம் இருக்கிறது. 2007இல் வந்த விஸ்டா காலத்திலிருந்து உள்ளது. நிர்வாகி ஒரே ஒரு தடவை நம்பகமான ட்றைவர் பொதியை அந்தக் களஞ்சியத்தில் வைத்துவிட்டால் போதும். பிறகு எந்தச் சாதாரணப் பயனர் அந்த ரக யூஎஸ்பி அச்சுப்பொறியைச் செருகினாலும், கணினி கடவுச்சொல் கேட்காமலே அதை எடுத்து நிறுவிக்கொள்ளும். ஏனென்றால் துபாசியை வாசலில் ஏற்கெனவே சோதித்தாயிற்று. கணினியைத் தீவுக்கு அனுப்பும் முன்பே, அடுத்த இரண்டு மூன்று வருடங்களில் வாங்கக்கூடிய ரகங்களின் ட்றைவர்களையும் சேர்த்து வைத்து அனுப்பலாம். அதைவிட நல்லது, எல்லா அலுவலகங்களுக்கும் ஒரே ரகப் பொறியை வாங்குவது.

இரண்டாவது வழி, குழுக் கொள்கை எனப்படும் அமைப்பிலே, அச்சுப்பொறி வகையைச் சேர்ந்த கருவிகளின் ட்றைவர்களை மட்டும் நிர்வாகி அல்லாதவரும் நிறுவலாம் என்று திறந்துவிடுவது. இதில் ஆபத்து கூட. ஒரு நல்ல நிறுவனத்தின் கையொப்பமிட்ட ட்றைவரைக்கொண்டே தீங்கு செய்தவர்கள் உண்டு என்பதால் அவர் இதை விரும்பவில்லை. 2021க்குப் பிறகு, வலையமைப்பு அச்சுப்பொறிகளுக்கான தடையைப் பதிவேட்டில் ஒரு மதிப்பை மாற்றிப் பழையபடி ஆக்கியவர்களும் இருக்கிறார்கள். அது பூட்டைக் கழற்றி வைப்பதற்குச் சமம் என்றார்.

மூன்றாவது வழி, ரகத்துக்கொரு ட்றைவர் தேவைப்படாத பொறிகளை வாங்குவது. பொது நியமம் ஒன்றின்படி பேசும் அச்சுப்பொறிகள் இப்போது நிறைய உண்டு. விண்டோஸிலேயே இருக்கும் ஒரே பொது ட்றைவர் அவற்றுக்குப் போதும். ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனி ட்றைவர் தருகிற பழைய முறையைப் படிப்படியாகக் கைவிடப் போவதாக மைக்ரோசாஃப்ட் 2023 செப்டெம்பரில் அறிவித்தது. துபாசி வேண்டாம், இருவரும் ஒரே பாஷை பேசுங்கள் என்பதுதான் அதன் பொருள்.

“இதொண்டும் செய்ய முடியாவிட்டால்?” என்று கேட்டேன். “ஒரு திறப்பைத் தீவிலே நம்பகமான ஒருவரிடம் குடுத்து வைக்க வேணும். உறையிலை போட்டு, முத்திரை வைச்சு. உடைச்சால் ஏன் உடைச்சது எண்டு எழுதி வைக்க வேணும். உடைச்ச பிறகு கடவுச்சொல்லை மாத்த வேணும்” என்றார். கேட்கும்போதே எனக்கு நயினாதீவுக் கல்வெட்டு ஞாபகம் வந்தது.

இரண்டு கிழமை கழித்து அந்தப் பெண்ணுக்குத் தொலைபேசி எடுத்தேன். நகரத்து உத்தியோகத்தர் படகேறி வந்து போனாராம். வேலை பத்து நிமிடம், பயணம் ஒரு முழுநாள். நண்பர் சொன்ன முதலாவது வழியைப் பற்றி அவரிடம் சொல்லும்படி நான் சொன்னேன். “அவர் அதைத்தான் செய்துபோட்டுப் போனவர் சேர். பழைய மொடல், புது மொடல் எல்லாம் உள்ளுக்குப் போட்டிருக்கிறார்” என்றாள். எனக்குக் கொஞ்சம் வெட்கமாகப் போய்விட்டது. அவர் என்னைவிட முந்திக்கொண்டார்.

ஆச்சியின் கடிதம் என்னாயிற்று என்று கேட்டேன். வங்கியில் எடுத்துக்கொண்டார்களாம். ஆச்சியே அவளுக்குத் தொலைபேசியில் சொன்னாராம். கருமபீடத்தில் இருந்த பெண் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஏன் அம்மா கையால் எழுதியிருக்கிறது என்று கேட்டிருக்கிறாள்.

“ட்றைவர் வரேல்லை பிள்ளை” என்று ஆச்சி சொல்லியிருக்கிறார்.

நெடுந்தீவிலிருந்து வந்தவர் அல்லவா. வழியில் பஸ்ஸோ படகோ பிந்தியிருக்கும் என்று நினைத்தாளோ என்னவோ, அவள் தலையாட்டிவிட்டு முத்திரை குத்திக் கொடுத்தாளாம்.

பேசி முடிந்தபின், 2003இல் வேலையை விட்டுப் போன அந்தத் தம்பியைப் பற்றி விசாரித்தேன். கனடாவில் இருப்பதாக ஒருவர் சொன்னார், லண்டன் என்றார் இன்னொருவர். தமிழ் வாசிக்கிறவன் எங்கிருந்தாலும் இந்தப் பக்கத்துக்கு ஒருநாள் வரக்கூடும். தம்பி, அந்த இறுவட்டைப் போட்டது நான். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.